விரல்கள் கற்ற பாடம்: சண்டை விளையாட்டுகளின் வரலாறு

தட்டச்சுப் பயின்றவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். முதல் வாரத்தில் ஒவ்வோர் எழுத்தையும் கண் தேடும், விரல் தயங்கும். சில மாதங்கள் சென்றபின் விரல்கள் தாமாகவே ஓடும். அப்போது அவரை நிறுத்தி, "இந்த எழுத்து எந்த வரிசையில், எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். உடனே சொல்லத் தெரியாது. விரலை அசைத்துப் பார்த்துத்தான் சொல்வார். மூளைக்குத் தெரிந்த ஒன்று, மூளைக்கே தெரியாதது போல் விரலுக்கு இறங்கிவிட்ட விந்தை இது.

இந்த விந்தையை ஆராய மிகப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. அது வீடியோ விளையாட்டு. அதிலும் இருவர் எதிரெதிரே நின்று மோதும் சண்டை விளையாட்டு. "பொழுதுபோக்குக்கும் அறிவியலுக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். மனிதனின் கை ஒரு கருவியை எப்படிக் கற்கிறது, கருவி மனிதனின் கைக்கு எப்படி வளைந்து கொடுக்கிறது என்பதே இவ்விளையாட்டுகளின் வரலாறு. அவ்வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

கையுறையும் இரட்டைக் கோலும்

1976ஆம் ஆண்டில் ஜப்பானின் சேகா நிறுவனம் 'ஹெவிவெய்ட் சாம்ப்' என்னும் குத்துச்சண்டைப் பொறியை வெளியிட்டது. திரையில் கறுப்பு வெள்ளை உருவங்கள் இரண்டு. அவற்றை இயக்கக் குத்துச்சண்டைக் கையுறை வடிவிலேயே பிடிகள் இருந்தன. பிடியை மேலும் கீழும் நகர்த்தினால் குத்து விழும் உயரம் மாறும். உண்மையான சண்டையில் கை என்ன செய்யுமோ அதையே இங்கும் செய்ய வேண்டும் என்பது அந்நாளைய வடிவமைப்பாளரின் எண்ணம்.

1984இல் வந்த 'கராத்தே சாம்ப்' வேறு வழியைத் தேர்ந்தது. டேட்டா ஈஸ்ட் நிறுவனம் வெளியிட்ட இவ்விளையாட்டில் பொத்தானே கிடையாது. ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் ஜாய்ஸ்டிக் எனப்படும் இயக்குகோல்கள் இரண்டு. இடக் கோலும் வலக் கோலும் எந்தத் திசைகளில் சாய்கின்றன என்பதைப் பொறுத்து உதை, குத்து, குட்டிக்கரணம் எனப் பலவகை அசைவுகள் பிறந்தன. அடுத்த ஆண்டில் பரவிய கொனாமி நிறுவனத்தின் 'ஈ ஆர் குங்-ஃபு' ஒரு கோலையும் இரு பொத்தான்களையும் கொண்டு இதே வேலையைச் செய்தது. ஆடுபவரின் எஞ்சிய வலிமையைக் காட்டும் பட்டையும் அதில் திரையில் இடம்பெற்றது.

இங்கே ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். கையுறைப் பிடி சண்டையை அப்படியே நடித்துக் காட்டச் சொன்னது. இரட்டைக் கோலோ ஒரு குறியீட்டு மொழியைக் கற்கச் சொன்னது. கோலை முன்னே சாய்ப்பதற்கும் காலால் உதைப்பதற்கும் இயற்கையில் எந்த உறவும் இல்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு போன்றதே அது. பழகினால்தான் வரும்.

அறைந்தால் அடி

1987இல் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. இதனை இயக்கியவர் தகாஷி நிஷியாமா. இதன் ஒருவகைப் பெட்டியில் குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று என மெத்தை போன்ற இரு பெரிய பொத்தான்கள் இருந்தன. மெதுவாகத் தட்டினால் மென்மையான அடி, ஓங்கி அறைந்தால் வலுவான அடி. அழுத்தத்தின் அளவை உணர்ந்து பொறி அடியின் வலிமையைத் தீர்மானித்தது.

கேட்பதற்கு இது இயற்கையானதாகவே தோன்றும். நடைமுறையிலோ கை விரைவில் சலித்துப்போகும், பொத்தானும் தேயும். அதைவிடப் பெரிய குறை வேறொன்று. நடுத்தர வலிமையில் தட்ட வேண்டும் என்று நினைத்தால், ஒவ்வொரு முறையும் அதே அளவில் தட்டுவது கைக்கு எளிதன்று. எனவே இரு மெத்தைகளுக்குப் பதிலாக ஆறு சாதாரணப் பொத்தான்கள் கொண்ட பெட்டி வந்தது. குத்தில் மென்மை, நடுத்தரம், வன்மை என மூன்று. உதையிலும் அவ்வாறே மூன்று. அந்த ஆறு பொத்தான் அமைப்பே பின்னர் நிலைத்துவிட்டது. கையின் வலிமையை அளப்பதை விட்டு, கையின் தேர்வை மட்டும் கேட்பது என்று கருவி மாறிய நேரம் அது.

இதே விளையாட்டில்தான் 'சிறப்பு அசைவு' என்பதும் வேரூன்றியது. கோலைக் குறிப்பிட்ட வரிசையில் சுழற்றிப் பொத்தானை அழுத்தினால், வீரனின் உள்ளங்கைகளிலிருந்து ஓர் ஆற்றல் உருண்டை பாயும். இதன் பெயர் 'ஹடோக்கன்'. ஜப்பானியச் சித்திரத் தொடரான 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ'வில் வரும் பேரழிவுப் பீரங்கியே இதற்குத் தூண்டுகோல் என்று நிஷியாமா பின்னாளில் கூறியுள்ளார். இந்த அசைவுகளைச் செய்யும் முறை பெட்டியின்மேல் விளக்கப்படவில்லை. தற்செயலாகக் கண்டுபிடித்தவருக்கே அது கிட்டியது. கண்டுபிடித்த பின்னும் பத்து முறை முயன்றால் ஓரிரு முறையே வாய்க்கும் அளவுக்குப் பொறி கண்டிப்பாக இருந்தது.

கோலுக்குள் நடப்பது என்ன?

இனி, அந்த ஆற்றல் உருண்டையை நாமே எறிந்து பார்ப்போமா? பொறி வேண்டியதில்லை, மேசை போதும். உங்கள் வீரன் வலப்புறம் நோக்கி நிற்பதாகக் கொள்ளுங்கள். கட்டைவிரலை மேசையில் வைத்து உங்கள் பக்கமாகக் கீழே இழுங்கள். அங்கிருந்து வளைவாக வலப்புறம் நகர்த்துங்கள். கால் வட்டம் ஒன்று வரைந்தீர்கள் அல்லவா? அது முடியும் கணத்தில் மற்றக் கையால் மேசையை ஒருமுறை தட்டுங்கள். இதுவே ஹடோக்கன்.

இயக்குகோலின் அடியில் நான்கு திசைகளிலும் நான்கு சிறு மின்விசைகள் உள்ளன. கோல் கீழே சாய்ந்தால் கீழ்விசை மூடும். மூலையில் சாய்ந்தால் அடுத்தடுத்த இரு விசைகள் ஒருங்கே மூடும். இவ்வாறு நான்கே விசைகளைக் கொண்டு எட்டுத் திசைகள் கிடைக்கின்றன. நீங்கள் வரைந்த கால் வட்டம் பொறிக்கு வட்டமாகத் தெரிவதில்லை. அதற்குத் தெரிவன மூன்று செய்திகளே: கீழ்; கீழும் முன்னும் சேர்ந்து; முன். அவற்றுக்குப் பின் பொத்தான்.

பொறியில் உள்ள நிரல் ஒரு வாயில்காவலனைப் போல் நிற்கிறது. 'கீழ்' என்ற முதற்சொல் கேட்டதும் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிறது. குறித்த காலத்துக்குள் சரியான சொல் வந்தால் மூன்றாவதுக்குக் காத்திருக்கிறது. காலம் தாழ்ந்தால் முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. கற்றுக்குட்டிகள் செய்யும் பிழைகள் இதிலிருந்தே விளங்கும். அவசரத்தில் மூலையைத் தொடாமல் தாண்டுவது ஒரு பிழை. கோல் முன்னே வந்து சேருமுன் பொத்தானை அழுத்துவது மற்றொன்று. வேகத்தில் கோலை மேலே ஏற்றிவிடுவது மூன்றாவது; அப்போது வீரன் உருண்டையை எறியாமல் துள்ளிக் குதிப்பான். ஆகவே முதலில் வேகத்தை மறந்துவிட்டு வரிசையைச் சரியாகச் செய்ய வேண்டும். வேகம் பின்னால் வரும்.

விலை கொடுத்துப் பெறும் அடி

"ஒரு பொத்தானில் முடிகிற வேலைக்கு ஏன் இந்தச் சுற்றல்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. விடையோ சுவையானது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் வகையில் கோலைப் பின்னே சாய்த்துப் பிடித்தால் வீரன் அடியைத் தடுப்பான். அதாவது பின்திசைதான் கேடயம். இப்போது 'ஷோர்யூக்கன்' என்னும் எழுச்சிக் குத்தைப் பாருங்கள். அதன் வரிசை முன், கீழ், கீழும் முன்னும். முதல் அசைவே முன்னோக்கி. எனவே இந்த வலிய அடியைத் தொடங்கும் கணத்தில் கேடயத்தைக் கைவிட்டாக வேண்டும். கையின் சுழற்சியே அந்த அடிக்கு நாம் கொடுக்கும் விலை.

கைல் என்னும் வீரனுக்கு வேறு விதி. கோலைப் பின்னே ஏறத்தாழ ஒரு வினாடி பிடித்திருந்து, சட்டென முன்னே தள்ளிக் குத்த வேண்டும். தடுத்துக்கொண்டே ஆற்றலைச் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும்வரை ஓர் அடிகூட முன்னேற முடியாது. ஸாங்கீஃப் என்னும் மல்லனோ கோலை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டும். வட்டத்தில் 'மேல்' திசையும் இருப்பதால் கற்றுக்குட்டியின் மல்லன் பிடிக்கப் போவதற்குப் பதில் குதித்துவிடுவான். கையசைவின் வேறுபாடே ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு குணத்தை அளித்துவிடுவதை இங்கே காண்கிறோம்.

கவனித்துவிட்ட ஒரு தற்செயல்

இந்த வீரர்களெல்லாம் 1991இல் வெளிவந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டைச் சேர்ந்தவர்கள். அகிரா நிஷிதானி, அகிரா யசுதா ஆகியோர் வடிவமைத்த அதில் தேர்ந்தெடுக்கத்தக்க வீரர்கள் எண்மர். யோகக் கலையால் கை கால்களை நீட்டி அடிக்கும் தால்சிம் என்ற இந்தியரும் அவர்களுள் ஒருவர். முந்திய விளையாட்டின் கண்டிப்பு இதில் தளர்த்தப்பட்டது. வரிசையைச் சற்றுப் பிசகிச் செய்தாலும் பொறி பொறுத்துக்கொண்டது. இந்தப் பொறுமை விளையாட்டின் வெற்றிக்குப் பெரிதும் துணை செய்தது.

இவ்விளையாட்டு உருவாகிவந்தபோது ஒரு நிகழ்ச்சி. இடையில் கார் ஒன்றை அடித்து நொறுக்கும் ஊக்கப் பகுதி உண்டு. அதைச் சோதித்துக்கொண்டிருந்த நொரிதகா ஃபுனாமிசு, ஓர் அடி முடியுமுன்னரே மற்றோர் அடி விழுவதைக் கண்டார். யாரும் திட்டமிடாத ஒன்று அது. மிக நுண்ணிய நேரக் கணக்கு வேண்டுமாதலால் ஆட்டத்தில் எவருக்கும் பயன்படாது என்று கருதி, மறைபொருளாக அப்படியே விட்டுவைத்தனர்.

ஆடியவர்களோ அதைக் கண்டுபிடித்துவிட்டனர். அடிபட்டவன் தள்ளாடும் சிறு நேரத்துக்குள் அடுத்த அடி விழுந்தால் அவனால் தடுக்க இயலாது. இப்படி அடிமேல் அடி கோப்பதே 'காம்போ' எனப்படும் தொடரடி. 1993இல் வந்த 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' தொடரடிகளை எண்ணித் திரையில் காட்டவே தொடங்கிவிட்டது. பயனற்றதென விடப்பட்ட ஒன்று இன்று இவ்வகை விளையாட்டுகள் அனைத்துக்கும் இலக்கணம். அறிவியலில் தற்செயல் கண்டுபிடிப்புகள் பல உண்டு. ஆனால் தற்செயலைக் கவனிப்பதற்கும் ஒரு கண் வேண்டும், அதைப் பயிற்சியால் வசப்படுத்த ஒரு கூட்டமும் வேண்டும்.

ஒரு வினாடிக்குள் 60 படங்கள்

சண்டை விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரு வினாடிக்கு 60 படங்களைத் திரையில் காட்டுகின்றன. பொறியின் கணக்கில் காலம் என்பது இப்படங்களின் எண்ணிக்கையே. விரைவான குத்து ஒன்று தொடங்கியதிலிருந்து நான்கு படங்களில் எதிரியைத் தொட்டுவிடும் என்று கொள்வோம். அது ஒரு வினாடியில் 15இல் ஒரு பங்கு.

மனிதனின் திறன் என்ன? ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னால், சாதாரணமாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை ஆகும். படங்களில் சொன்னால் 12 முதல் 15 வரை. ஆகவே அந்தக் குத்தைக் கண்டு தடுப்பது எவராலும் ஆகாது. வல்லவரும் விதிவிலக்கல்லர்.

மேலும், 1952இல் வில்லியம் எட்மண்ட் ஹிக் என்னும் ஆங்கில உளவியலாளர் ஒரு விதியை வெளியிட்டார். தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் பெருகப் பெருக, முடிவெடுக்கும் நேரமும் நீள்கிறது என்பது அது. எதிரி குதிக்கலாம், உருண்டை எறியலாம், பிடித்துத் தள்ளலாம் என எல்லாவற்றுக்கும் ஒருங்கே காத்திருப்பவர் எல்லாவற்றுக்கும் தாமதமாகிறார். தேர்ந்தவர் அவ்வாறு காத்திருப்பதில்லை. இந்தத் தொலைவில், இந்த நிலையில் எதிரி செய்யக்கூடியவை இரண்டே என்று முன்கூட்டியே சுருக்கிக்கொள்கிறார். அவருடைய வேகத்தின் பெரும்பகுதி நரம்பில் இல்லை, அறிவில் இருக்கிறது.

விரல் எப்படிக் கற்கிறது?

இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் வீடியோ விளையாட்டுக்கு நெடுங்காலம் முன்பே இருந்தனர். அமெரிக்காவில் வில்லியம் லோ பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்னும் இருவர் தந்தி பயில்வோரை ஆராய்ந்து 1897இலும் 1899இலும் முடிவுகளை வெளியிட்டனர். தொடக்கத்தில் பயில்பவர் எழுத்து எழுத்தாகக் கேட்கிறார். பின்னர் சொல் சொல்லாக, அதன்பின் தொடர் தொடராகக் கேட்கிறார். இடையில் பல வாரங்கள் முன்னேற்றமே இல்லாததுபோல் தேங்கி நிற்கும் காலமும் உண்டு. எழுத்துகள் முற்றும் பழகி, சொற்களாகத் திரளும்வரை இந்தத் தேக்கம் நீடிக்கிறது என்று அவர்கள் விளக்கினர்.

பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் ஆகியோர் 1967இல் எழுதிய நூலில் திறன் பயிற்சியை மூன்று படிகளாகப் பகுத்தனர். முதற்படியில் எண்ணி எண்ணிச் செய்கிறோம். இரண்டாம் படியில் பிழைகள் குறைந்து அசைவுகள் இணைகின்றன. மூன்றாம் படியில் எண்ணாமலே நிகழ்கிறது.

இதைக் கால் வட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். 'கீழ், மூலை, முன், பொத்தான்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே செய்வது முதற்படி. நான்கும் 'ஹடோக்கன்' என்ற ஒரே சொல்லாவது மூன்றாம் படி. அப்போதுதான் மூளை விடுதலை பெறுகிறது. கையைப் பார்த்த கண் அதன்பிறகே எதிரியைப் பார்க்கிறது. ஒரு நாள் முழுதும் பயின்று மறுவாரம் மறப்பதைவிட, நாளொன்றுக்குச் சிறிது நேரமாகப் பல நாள் பயில்வதே நிலைக்கும் என்பதும் ஆய்வுகள் கண்ட உண்மை. கற்பவர் ஓர் அசைவை வலப்புறம் நோக்கியும் இடப்புறம் நோக்கியும் பழக வேண்டும். வீரர்கள் இடம் மாறிவிட்டால் முன் பின்னாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் கற்ற கை அப்போது திகைத்து நிற்கும்.

பொமோனாவில் 15 உதைகள்

பயிற்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சான்று. 2004ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த 'ஈவோ' போட்டியில் ஜப்பானியரான டைகோ உமெஹாராவும் அமெரிக்கரான ஜஸ்டின் வாங்கும் மோதினர். ஆடியது 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்டிரைக்'. உமெஹாராவின் வீரனுக்கு எஞ்சியிருந்தது ஒரு நூலளவு வலிமை. சாதாரணமாகத் தடுத்தாலும் சிறப்பு அசைவின் சிறுசேதம் அவனை வீழ்த்திவிடும். வாங் 15 உதைகள் கொண்ட பேரடியைத் தொடுத்தார்.

அவ்விளையாட்டில் வேறொரு தடுப்பு உண்டு. அடி விழும் கணத்தில் கோலை எதிரியை நோக்கித் தட்டினால் சேதமே இல்லை. கணம் தவறினால் முழு அடி. உமெஹாரா ஒன்றன்பின் ஒன்றாக 15 உதைகளையும் அவ்வாறே தட்டி விலக்கி, எதிரடி தொடுத்து அந்த ஆட்டத்தை வென்றார். முதல் உதையைக் கண்டபின் செயல்பட நேரமில்லை. அது வரும் என்று முன்னரே உணர்ந்திருந்தார். எஞ்சியவற்றின் தாளம் விரலில் இருந்தது. அறிவும் பயிற்சியும் ஒரே கையில் சந்தித்த காட்சி அது. அப்போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவர் கெஞ்சி ஒபாட்டா என்பவரிடம் தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

வாசலில் நின்றவர்கள்

இத்தனையும் கேட்டபின் ஒரு கேள்வி எழத்தான் செய்யும். இந்தக் கடினம் கலையா, அல்லது புதியவரை வெளியே நிறுத்தும் மதிலா?

ஜப்பானிய வடிவமைப்பாளர் மசாஹிரோ சகுராய் ஒரு நிகழ்ச்சியைக் கூறியுள்ளார். விளையாட்டுக் கூடத்தில் 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95' ஆடிக்கொண்டிருந்தபோது, பெட்டிக்கு மறுபுறம் இருந்தவரைத் தம் தேர்ந்த அடிகளால் எளிதில் வீழ்த்தினார். பிறகுதான் எதிரே இருந்தது புதிதாக ஆட வந்த ஓர் ஆணும் பெண்ணும் என்று தெரிந்தது. வென்றவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. இந்த உறுத்தலும் சேர்ந்தே, 1999இல் வெளியான 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' விளையாட்டை வேறு விதமாக அமைக்க அவரைத் தூண்டியது. அதில் எவருடைய சிறப்பு அசைவுக்கும் ஒரு பொத்தானும் ஒரு திசையும் போதும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் வரிசையே பின்னர் இவ்வழிக்கு இடம் தந்தது. 2023இல் வெளிவந்த ஆறாம் விளையாட்டில் பழைய முறை, புதிய முறை என இரண்டும் உள்ளன. புதிய முறையில் ஒரு பொத்தானில் ஹடோக்கன் வரும். ஆனால் அவ்வாறு எளிதாகச் செய்த சிறப்பு அசைவின் சேதம் 20 விழுக்காடு குறையும். கையின் உழைப்புக்குப் பதிலாகச் சேதத்தில் விலை வாங்கப்படுகிறது. பார்வையற்றோர் எதிரியின் தொலைவைச் செவியால் அறியும்படி ஒலிக்குறிப்புகளும் அதில் சேர்க்கப்பட்டுள்ளன.

இனி இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 'புரோலிலெக்ஸ்' என்ற புனைபெயரால் அறியப்பட்ட மைக் பேகம் என்னும் அமெரிக்கர், கை கால் மூட்டுகள் இயங்காத குறைபாட்டுடன் பிறந்தவர். கையில் பிடிக்கும் இயக்குபலகையை முகத்தாலும் வாயாலும் இயக்கி அவர் சுன்-லி என்னும் பாத்திரத்தை ஆடினார். பிறருக்கும் அந்த ஆட்டத்தின் நுணுக்கங்களைக் கற்பித்தார். 2024இல் மறைந்தார். கடினமான பழைய அசைவுகளையே அவர் பல்லாண்டு ஆடினார். கால் வட்டத்தை வரைவது கைதான் என்று எந்த விதியிலும் எழுதப்படவில்லை என்பதை அவர் காட்டிச் சென்றார்.

ஆகவே நம் கேள்விக்கு இப்படி விடை கூறலாம். கடினம் என்பது இரு வகை. அடியைச் செய்யும் கடினம் ஒன்று. எந்த அடியை எப்போது செய்வது என்று தேரும் கடினம் மற்றொன்று. முதலாவதைக் குறைத்தாலும் இரண்டாவது குறைவதில்லை. புதிய முறையில் ஆடுபவரும் எதிரியின் மனத்தைப் படித்தே ஆகவேண்டும். வாயிலை அகலமாக்கியதால் வீட்டின் ஆழம் குறைந்துவிடுவதில்லை. அதே வேளையில், நீண்ட வழியாக வந்தவருக்கு ஒரு நிறைவு உண்டு. முடியாது என்றிருந்த விரல் ஒரு நாள் தானாக வளைந்து போகும் அந்தக் கணத்தை அவர் மறப்பதில்லை.

வாசகர்களே, நீங்கள் சண்டை விளையாட்டை ஆடாமலே போகலாம். ஆனால் வீணையோ, தட்டச்சோ, ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியோ ஏதேனும் ஒரு கருவியை நாளை கற்கத் தொடங்குவீர்கள். பல நாள் பயின்றும் முன்னேற்றம் இல்லையே என்று ஒரு மாலையில் மனம் சோரும். அப்போது தந்தி பயின்றவர்களின் தேக்கத்தை நினைவுகொள்ளுங்கள். எழுத்துகள் உள்ளே சொற்களாகத் திரண்டுகொண்டிருக்கின்றன. மறுநாளும் பயிற்சிக்கு உட்காருங்கள்.